ஐந்துக்கு ஒன்று

ஜம்பட்டா வீதிப் பந்தயக் கடையில்
முப்பத்தொரு வருஷமாய்
குதிரைகளுக்கு விலை எழுதுகிறேன்.
சோக் கட்டி போய் மார்க்கர் வந்து, இப்போது திரை.
ஒரு குதிரையையும் தொட்டதில்லை.

மகரகமவில் டொக்டர் நெத்மி
படத்தை என் பக்கம் திருப்பினார்.
சாம்பல் நிறம். ஒரு பக்கம் மட்டும் தடித்து
மழையில் ஊறிய பாண் துண்டு மாதிரி.
அது இருக்கும் இடத்தின் பெயரை
மூன்று மொழியிலும் சொன்னார்.
நான் வீட்டில் ஒரு மொழியிலும் சொல்லவில்லை.
"வயிற்றில் ஒரு பிரச்சினை" என்றேன்.
கொஞ்சம் மேலே தூக்கிச் சொன்னேன், அவ்வளவுதான்.

முதலில் கதிர், கூடவே குளிசை,
இருபத்தைந்து நாள், சனி ஞாயிறு லீவு.
பிறகு எட்டுக் கிழமை சும்மா இருப்பது.
அதன் பிறகு கத்தி, வயிற்றில் ஒரு பை.
"சிலருக்கு முழுசாய்க் கரைந்துவிடும்.
கத்தி வேண்டாமலும் போகலாம்.
சிலருக்கு அசையாது."
நான் எந்தச் சிலர்?
பேனை மூடியைக் கடித்தபடி யோசித்தார்.
"நூறு பேரில் பதினைந்து, இருபது."
ஐந்துக்கு ஒன்று, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
அந்த விலையில் நிறையப் பேர் காசு வைப்பார்கள்.
வைத்துவிட்டு, பஸ்ஸுக்கும் இல்லாமல் நடந்து போவார்கள்.

எதைப் பார்த்துக் கணிப்பீர்கள் என்று கேட்டேன்.
கட்டியின் நீளம், சுவரை எவ்வளவு தின்றது,
பக்கத்து இரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா,
இரத்தத்தில் ஓர் எண்.
நாங்களும் அப்படித்தான்:
தரை ஈரமா, ஓட்டுவது யார், கடைசி மூன்று ஓட்டம்.
எல்லாம் சரியான குதிரை
வாசலிலேயே நின்றுவிடும்.
ஒன்றுதான் உறுத்தியது.
இத்தனை வருஷத்தில்
குதிரைக்கு அதன் விலையை யாரும் சொன்னதில்லை.

நூற்றி முப்பத்தெட்டில் நின்றுகொண்டே போய்வந்தேன்.
நுகேகொடையில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன்
எழும்பி இடம் தந்தான்.
வேண்டாம் என்றேன்.
பெருமைக்காரன் என்று நினைத்திருப்பான்.

பதினெட்டாம் நாள்
உப்புத் தண்ணீர்ப் பேசினில் இருந்தபோது
வெரோனிக்கா கதவுக்கு வெளியே நின்று
"எந்த வயிறு இப்படி எரியும்?" என்றாள்.
மூடிய கதவுக்குச் சொன்னேன், சரியான பெயரை.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கதவிடுக்கால் ஒரு துவாய் வந்தது.

டொக்டர் ஒரு தாள் நீட்டினார்.
என் படங்களைக் கணினிக்குக் கொடுக்கலாமா?
கண்ணுக்குப் பிடிபடாத சாம்பல் புள்ளிகளை
அது எண்ணி எண்ணி
முதல் படத்திலேயே முடிவைச் சொல்லப் பழகுமாம்.
எனக்கு உதவுமா?
"உங்களுக்கு இல்லை" என்றார்.
அந்தப் பதில் பிடித்திருந்தது.
கையெழுத்து வைத்தேன். பெயர் போய் நாற்பத்தேழு ஆனேன்.
எண்ணோடு ஓடுவது எனக்குப் பழக்கம்தான்.
இல்லை, எழுதுவதுதான் பழக்கம்.

எட்டுக் கிழமை கழித்து இரண்டாம் படம்.
கட்டி இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு கோடு.
வடுவாக இருக்கலாம்.
வடுவுக்குள் ஏதும் ஒளிந்திருக்கலாம்.
விரலால் பார்த்தார், குழாயால் பார்த்தார்.
"இன்னும் ஆறு கிழமை பொறுப்போம்."
மூக்கோடு மூக்கு இரண்டு குதிரை;
படம் கழுவப் போனவன் இன்னும் வரவில்லை.
காசும் கொடுக்க ஏலாது,
சீட்டையும் கிழிக்க ஏலாது.

பின்னேரம் கடைக்கு வந்தேன்.
நிஸ்தார் என் கதிரையில்
காற்றடைத்த வளையம் ஒன்று வைத்திருந்தான்.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
துறைமுகத்து ஆள் ஒருவர் கவுண்டரில் சாய்ந்து
"நாலாம் ஓட்டத்துக்கு எது வரும்?" என்றார்.
வழமையில் ஏதாவது சொல்லியிருப்பேன்.
திரையைப் பார்த்தேன்.
இரும்புக் கதவுக்குள் அடைபட்ட ஏழாம் எண்
காதைப் பின்னுக்கு மடித்து
மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

"அதுக்கே நூறு ரூபாய் போடுங்க" என்றார்.
எழுதினேன்.